பூங்காவும் வினாக்கொத்தும்



நகரத்துப் பூங்கா ஒன்றைத் திருத்தியமைக்க விரும்பும் மாநகர சபையோ, மலைப்பாதை ஒன்றைச் செப்பனிட விரும்பும் திணைக்களமோ இக்காலத்தில் முதலில் நாடுவது வினாக்கொத்தையே. வருவோர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, "இவ்விடம் உங்களுக்குப் பிடித்திருக்கின்றதா? இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கின்றனர். பொதுமக்களின் பணத்தில் நடைபெறும் இடத்தைப் பற்றி அம்மக்களையே கேட்பது முறையானதே. ஆனால், கேட்டுப் பெற்ற விடை எவ்வளவு தூரம் உண்மை என்பது வேறு கேள்வி. இன்று அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே உங்களுடன் சிறிது பேச விரும்புகின்றேன்.

இத்துறையில் ஆழமாக உழைத்தவர்களுள் ஒருவர் வில்லியம் வைட் என்னும் அமெரிக்கர். 1970களில் அவரும் அவருடைய மாணவ உதவியாளர்களும் நியூ யோர்க் நகரத்துச் சிறு பூங்காக்களையும், உயர்ந்த கட்டடங்களின் முன்னே விடப்பட்டிருக்கும் திறந்த முற்றங்களையும் ஆராயப் புகுந்தனர். அவர்கள் பெரிதும் நம்பியது வினாக்கொத்தையன்று, கண்ணையே. உயரமான இடங்களிற் படக்கருவிகளை வைத்து, யார் எங்கே அமர்கின்றார், எவ்வளவு நேரம் இருக்கின்றார், வெயில் நகரும்போது எப்பக்கம் நகர்கின்றார் என்பவற்றை நாள் முழுவதும் படம் பிடித்தனர். பின்னர் அப்படங்களை நோக்கி ஆட்களை எண்ணிக் கணக்கிட்டனர்.

கிடைத்த முடிவு வியப்புக்குரியது. நகரத்துப் பூங்காவில் எதை நாடுகின்றீர்கள் என்று கேட்டால் மக்கள் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே: சந்தடியிலிருந்து விலகிய அமைதியான ஒதுக்கிடம் வேண்டும் என்பர். ஆனால் அவர்களுடைய கால்கள் சென்ற இடம் வேறு. ஆட்கள் கூடியிருக்கும் இடத்தையே மேலும் ஆட்கள் நாடினர். இரு நண்பர்கள் எதிர்ப்பட்டால் ஓரமாக ஒதுங்காமல் நடமாட்டத்தின் நடுவிலேயே நின்று உரையாடினர். மனிதரை மிகுதியாகக் கவர்வது பிற மனிதரே என்று வைட் முடிவு செய்தார். இதனை அவர் 1980ஆம் ஆண்டில் வெளிவந்த சிறு நகர வெளிகளைப் பற்றிய தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். மக்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தாளில் ஒரு வினாவைக் கண்டவுடன், பூங்கா என்றால் இப்படித்தான் இருத்தல் வேண்டும் என்று நாம் கற்றுவைத்திருப்பதை எழுதிவிடுகின்றோம். கோவில் வீதியிலே திருவிழா நெரிசலைக் குறை கூறிக்கொண்டே அந்நெரிசலுக்குள் ஆவலோடு புகும் நமக்கு இது புதியதோர் உண்மையன்று.

இந்த வேறுபாடு வெறும் ஆராய்ச்சிச் சுவைக்கு உரியதன்று. நியூ யோர்க்கில் பொது நூலகத்தின் பின்புறத்தில் பிரையன்ற் பூங்கா என்றொரு பூங்கா உண்டு. 1934ஆம் ஆண்டில் அதனைப் புதுக்கியவர்கள், மேற்கூறிய ஒதுக்கிடக் கருத்தையே பின்பற்றினார்கள். நிலம் வீதி மட்டத்திற்கு மேலே உயர்த்தப்பட்டது. இரும்பு வேலியும் அடர்ந்த செடிவரிசையும் சுற்றிலும் எழுந்தன. அமைதி கிடைத்தது, கூடவே மறைவும் கிடைத்தது. 1970களில் போதைப்பொருள் விற்போர் அம்மறைவைத் தமக்கு உரித்தாக்கிக் கொண்டனர். இத்தகைய இடத்தைப் பற்றி வழிப்போக்கர் எவரைக் கேட்டாலும், காவலரைக் கூட்டுங்கள் என்றே விடை வரும். வைட் கூறிய பரிகாரமோ வேறு. உள்ளே நடப்பது வீதியிற் செல்வோருக்குத் தெரியட்டும், வாயில்களைத் திறவுங்கள், செடிவரிசையை நீக்குங்கள் என்றார். 1988இல் மூடப்பட்ட அப்பூங்கா 1992இல் மீண்டும் திறக்கப்பட்டபோது அவ்வாறே அமைந்திருந்தது. நிலத்தோடு பிணைக்கப்படாத கதிரைகள் ஏராளமாக இடப்பட்டன. அமர வருபவர் கதிரையைச் சிறிது நகர்த்தி, தமக்கு உகந்த நிழலிலோ வெயிலிலோ அமர்ந்து கொள்ளலாம். இன்று அது நகரத்தின் மிகுதியும் நாடப்படும் பூங்காக்களுள் ஒன்று.

வைட் கையாண்ட ஓர் அளவுகோலையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஓரிடத்தில் அமர்ந்திருப்போருள் பெண்களின் பங்கு எவ்வளவு என்று அவர் எண்ணினார். அப்பங்கு குறைந்தால் அங்கே ஏதோ கோளாறு உண்டு என்பது அவர் கண்ட முடிவு. பெண்கள் இடத்தைத் தெரிவதில் கூடிய கவனம் உடையவர்கள். தொல்லையை விரைவில் உணர்ந்து விலகுபவர்கள். விலகிய பெண்ணோ பூங்காவில் வினாக்கொத்தை நிரப்ப இருக்கமாட்டாள். வந்தவரை மட்டும் கேட்கும் எந்த ஆய்வும், வராதவரின் குறையைக் காணாமலே போய்விடும். எல்லாரும் திருப்தி என்று அறிக்கை வெளிவரும். திருப்தி இல்லாதவர் முன்னமே வீட்டில் இருந்துவிட்டார்!

இனி, நகரத்தை விட்டுக் காட்டுக்குச் செல்வோம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையோரமாக, ஏரிகள் நிறைந்த பெருங்காடு ஒன்று உண்டு. அங்கே துடுப்புப் படகிற் செல்வோரும் மோட்டார்ப் படகிற் செல்வோரும் வந்தனர். றொபேட் லூக்காஸ் என்னும் ஆய்வாளர் இரு சாராரையும் நேரிற் கண்டு கேட்டு, 1964ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். மோட்டார்ப் படகினருக்குத் துடுப்புப் படகினரால் இடையூறு ஏதும் இல்லை. துடுப்புப் படகினருக்கோ, மோட்டாரின் ஒலி கேட்ட இடத்தில் வனமே முடிந்துவிட்டது. ஒரே காட்டை ஒரு சாரார் பெரிதாகவும் மறு சாரார் சிறிதாகவும் கண்டனர். இவ்விரு சாராரின் விடைகளையும் கூட்டிச் சராசரி கண்டால் என்ன வரும்? "ஓரளவு திருப்தி" என்னும் பயனற்ற சொல்தான் வரும். யாருக்கு எது இடையூறு என்று பிரித்தறிந்தால்தான், எந்த ஏரியில் எந்தப் படகை விடுவது என்று நிருவாகி தீர்மானிக்க முடியும்.

காட்டுப் பாதைகளின் தொடக்கத்தில் பெட்டியொன்றில் இடாப்பு வைத்து, செல்வோர் தம் பெயரைப் பதியும் வழக்கமும் அந்நாட்டில் உண்டு. பதிந்தோரையும் உண்மையிற் சென்றோரையும் ஒப்புநோக்கியபோது, குதிரையிற் செல்வோரும் சிறிது தூரம் நடந்து திரும்புவோரும் பெரும்பாலும் பதியாமற் போவது தெரிந்தது. இடாப்பை மட்டும் நம்பியவர், நெடுந்தூரம் நடப்போருக்கே பாதை வகுத்திருப்பர்.

நம் நாட்டிற்கு வருவோம். ஹோட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டு முதல் தேசிய பூங்காவாக உள்ளது. சீட்டுப் பெற்றே உள்ளே செல்ல வேண்டுமாதலால், எத்தனை பேர் வந்தனர் என்ற தொகை திணைக்களத்தின் கையில் எப்போதும் உண்டு. அத்தொகை சொல்லாதவை பல. காலை ஏறஏற உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறையைப் பனிமூட்டம் மறைத்துவிடுவதால், வருவோருட் பலர் விடியற்காலையில் ஒரே பாதையில் விரைகின்றனர். அவர்களுள் முழு வட்டத்தையும் நடந்தவர் எத்தனை பேர்? முதியவர் எவ்விடத்தில் திரும்பினார்? மூடுபனியை மட்டும் கண்டு சென்றவர் எத்தனை பேர்? இவற்றை வெளியேறும் வாயிலிற் கேட்டால் உண்மையான விடை கிடைக்கும். உள்ளே போகும்போது கேட்டாலோ ஆசை மட்டுமே விடையாக வரும். "பிடித்திருந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை. மரியாதை அறிந்த நம்மவர் ஆம் என்றே சொல்வர். "எங்கே திரும்பினீர்கள்? ஏன்?" என்று கேட்பது நன்று.

மற்றொன்று, தாளின் மொழி. ஒரு மொழியில் மட்டும் அச்சிட்ட வினாக்கொத்து, அம்மொழியை வாசிக்காதவரை வாயிலிலேயே நிறுத்திவிடும். ஹற்றனிலிருந்து குழந்தைகளோடு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பமும், யாழ்ப்பாணத்திலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவரும் அக்கணக்கில் இடம்பெறமாட்டார்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் தாள் இருத்தல் வேண்டும். எழுத இயலாதவரிடம் வாயாற் கேட்டுக் குறிப்பதற்கு ஓர் ஆளும் இருத்தல் வேண்டும். விடுமுறை நாளும் வேலை நாளும், காலையும் மாலையும் கணக்கில் வருதல் வேண்டும். கேட்பவர் தமக்கு இனிய முகமாகத் தோன்றுபவரைத் தெரிந்தெடுக்காமல், பத்தாவதாக வருபவர் யாராயினும் அவரை நிறுத்திக் கேட்டல் வேண்டும்.

கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவாயினும், ஊர்ச் சபையின் சிறு சிறுவர் பூங்காவாயினும், தாளை அச்சிட முன்னர் செய்யக்கூடிய செலவில்லாத ஆய்வு ஒன்று உண்டு. போட்ட பாதையை விட்டுப் புல்லின் குறுக்கே விழுந்திருக்கும் ஒற்றையடித் தடத்தைப் பாருங்கள். அங்கே பாதை வேண்டும் என்று பல நூறு கால்கள் எழுதி வைத்திருக்கின்றன. எந்த வாங்கு தேய்ந்திருக்கின்றது, எது புழுதி படிந்து கிடக்கின்றது என்று பாருங்கள். பின்னர், காலையிற் குப்பை கூட்டும் தொழிலாளியை அழைத்து, கடலைச் சுருள்கள் எந்த மரத்தடியில் மிகுதியாகக் கிடக்கின்றன என்று கேளுங்கள். அவரைக் கேட்டு முடித்த பின்னர் வினாக்கொத்தை எழுதத் தொடங்கலாம்.