ஒரு கொக்கி, ஒரு நூலுருண்டை, ஒரு சந்தைப் பை

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற கைப்பணிச் செயலமர்வில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் கல்வி, பெண்கள் தலைமைத்துவம், பாடசாலையின் வரலாறு என்று பெரிய விடயங்களைப் பலரும் பேசினார்கள். எனக்குத் தரப்பட்டது சின்ன விடயம். சந்தைக்குக் கொண்டுபோகும் வலைப்பை ஒன்றைக் குறோசே ஊசியால் எப்படிப் பின்னுவது என்று சொல்லித்தர வேண்டுமாம். சொல்லித்தருகிறேன். அதற்கு முன் இந்தப் பை எங்கிருந்து வந்தது, இதற்கு என்ன பெறுமதி என்பதையும் கொஞ்சம் கதைக்க அனுமதி தாருங்கள்.

வலையில் சாமான் வைப்பது எங்களுக்குப் புதிது அல்ல. அடுக்களையில் தயிர்ச்சட்டியைத் தொங்கவிட்ட உறியும் ஒரு வலைப்பைதான். சந்தைக்கு உமல், நெல்லுக்கும் மரக்கறிக்கும் கடகம், பனங்கட்டிக்குக் குட்டான் என்று ஒவ்வொன்றுக்கும் பனையோலையில் ஒரு பாத்திரம் இருந்தது. கரையோரக் கிராமங்களில் வலை பின்னுவது குடும்பத் தொழில். பொலித்தீன் பை வந்து எங்கள் வீட்டுக்குள் குடியேறியது நேற்றைய கதை.

குறோசே மட்டும் வெளியிலிருந்து வந்தது. பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்று பொருள். 1845 இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தபோது, அங்கிருந்த கன்னியர் மடங்கள் ஏழைப் பெண்களுக்குக் குறோசே லேஸ் பின்னப் பழக்கின. ஒரு ஊசியும் நூலும் மட்டும் போதும், தறி வேண்டாம், மேசை வேண்டாம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டும் பின்னலாம். அந்த லேஸ் லண்டனிலும் பாரிசிலும் விலைப்பட்டது. அந்தக் காசில் பல குடும்பங்கள் உயிர் தப்பின.

எங்கள் நாட்டில் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கியவர்கள் எழுத்தோடு ஊசியையும் கையில் கொடுத்தார்கள். 1824 இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய விடுதிப் பாடசாலையிலும் வாசிப்போடு தையலும் பாடமாக இருந்தது. பிறகு வந்த பெண்கள் பாடசாலைகளிலும் அதே வழக்கம் நின்றது. ஆனால் அயர்லாந்தில் சோறு போட்ட அதே வேலை எங்களிடம் வரும்போது அலங்காரமாகிவிட்டது. மேசைவிரிப்பு, கதிரை உறை, பால் குவளையை மூட ஓரமெல்லாம் மணி கோத்த வலை. பரிசளிப்பு விழாக் கண்காட்சியில் வைத்து எல்லோரும் பார்த்து, "நல்ல வடிவு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு அது அலுமாரிக்குள் போய்விடும். கெட்டிக்காரப் பிள்ளைகள் கணிதமும் விஞ்ஞானமும் படிக்க வேண்டும், மற்றவர்களுக்குத்தான் கைப்பணி என்று ஒரு எண்ணமும் வளர்ந்தது. வளைய வேலையில் கண்களை எண்ணிப் பெருக்கி வட்டத்தைத் தட்டையாக வைத்திருப்பது கணிதம் இல்லாமல் வேறு என்ன?

சந்தைப் பை என்று பார்த்தால், ரஷ்யர்களிடம் ஒரு நல்ல பெயர் இருக்கிறது. சோவியத் காலத்தில் அங்கே ஆணும் பெண்ணும் சட்டைப் பையில் ஒரு நூல்வலைப் பையைச் சுருட்டி வைத்திருப்பார்கள். எந்தக் கடையில் எப்போது என்ன சாமான் வருமென்று தெரியாது. வந்தால் வாங்கப் பை வேண்டும். அதற்கு 'அவோஸ்கா' என்று பெயர். 'ஒருவேளை கிடைத்தாலும் கிடைக்கும்' என்ற கருத்துள்ள சொல்லிலிருந்து வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்களுக்கு அந்தப் பெயரை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இன்றைக்கு ஏன் இது வேண்டும்? 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பு மீத்தொட்டமுல்லயில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் சீற்றுக்கும் ஒரு வகைப் பொலித்தீன் சொப்பிங் பைக்கும் றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கும் அரசாங்கம் தடை போட்டது. சட்டம் வந்தும் பை நிற்கவில்லை. மழை பெய்தால் வாய்க்காலையும் மதகையும் போய்ப் பாருங்கள். சட்டத்தால் கடைக்காரரின் கையைப் பிடிக்கலாம். வீட்டிலிருந்து பை கொண்டுபோகும் பழக்கத்தைச் சட்டத்தால் பின்னித்தர முடியாது.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பருத்திப் பை என்றவுடன் அது நல்லதாகிவிடாது. பருத்திக்கு நிலம் வேண்டும், நீர் வேண்டும், மருந்து வேண்டும், சாயம் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இதைக் கணக்குப் போட்டார்கள். ஒரு தடவை பாவித்து எறியும் மெல்லிய பொலித்தீன் பையோடு ஒப்பிட்டால், புவி வெப்பமாதல் என்ற அளவில் ஒரு பருத்திப் பையை 131 தடவையாவது பாவித்தால்தான் கணக்குச் சரிவரும். அந்தப் பொலித்தீன் பையைத் திரும்பக் குப்பை கட்டப் பாவித்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். கிழமைக்கு இரண்டு தடவை சந்தைக்குப் போகிறவருக்கு 131 தடவை என்பது ஏறத்தாழ ஒன்றேகால் வருடம்.

ஆகவே விழாவுக்கு விழா இலவசமாகக் கிடைக்கும் துணிப் பைகளை வீட்டில் அடுக்கி வைத்திருப்பதால் சூழலுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஒரு பை, அதை நூலாகும் வரை பாவிப்பது, அதுதான் வழி. வலைப்பைக்கு இங்கே இரண்டு அனுகூலம் உண்டு. துளைதான் கூட, நூல் குறைவு. மடித்தால் கைலேஞ்சி அளவுக்கு வரும், கைப்பைக்குள் எப்போதும் கிடக்கும். பை வீட்டில் கிடக்கிறதே என்று கடையில் நின்று யோசிக்கத் தேவையில்லை.

இனிப் பின்னலுக்கு வருவோம். 4 மில்லிமீற்றர் ஊசி ஒன்றும், நடுத்தரத் தடிப்பான பருத்தி நூல் 100 கிராம் உருண்டை ஒன்றும் எடுங்கள். நூல் மிஞ்சும். கம்பளி நூல் வேண்டாம். அது பாரத்துக்கு இழுபட்டு முழங்கால் வரை இறங்கிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாங்கள் இங்கே படித்தது பிரித்தானிய முறை. நாங்கள் டபிள் குறோசே என்பதைக் கனடாவிலும் அமெரிக்காவிலும் சிங்கிள் குறோசே என்பார்கள். எங்கள் ட்ரெபிள் அவர்களுக்கு டபிள். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவும் லண்டனில் இருக்கும் தங்கையும் ஒரே குறிப்பைப் பார்த்துப் பின்னினால் இரண்டு அளவில் பை வரும். நான் சொல்வதெல்லாம் எங்கள் பழைய கணக்கு. ஊசியை விட்டு ஒரு கண் இழுத்து, ஊசியில் உள்ள இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் டபிள். முதலில் நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு கண் இழுத்து, இரண்டு இரண்டாக இரு முறை கழற்றினால் ட்ரெபிள்.

முதலில் அடி. 5 சங்கிலி போட்டு வளையமாக இணையுங்கள். 3 சங்கிலி எழுப்பினால் அது ஒரு ட்ரெபிளுக்குச் சமம். அதோடு வளையத்துக்குள் 11 ட்ரெபிள், மொத்தம் 12. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு, 24. மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, 36. நாலாம் சுற்றில் மூன்றில் ஒன்றில் இரண்டு, 48. ஒவ்வொரு சுற்றிலும் 12 கூடுகிறது. கூடாவிட்டால் அடி கிண்ணம் போலக் குவியும், அதிகம் கூடினால் ஓரம் சுருக்கு விழும். அடியை இப்படி நெருக்கமாகப் பின்னாவிட்டால் பச்சை மிளகாயும் தேசிக்காயும் வீதியில் விழும்.

அடுத்தது வலை. 5 சங்கிலி போட்டு, ஒரு கண்ணை விட்டு, அடுத்த கண்ணில் ஒரு டபிள். சுற்றி வர 24 வலைக்கண் வரும். இதற்குப் பிறகு சுற்றை மூட வேண்டாம். 5 சங்கிலி, கீழே உள்ள வலைக்கண்ணின் நடுவில் ஒரு டபிள், மீண்டும் 5 சங்கிலி என்று சுருளாகப் போய்க்கொண்டே இருங்கள். தொடங்கிய இடத்தில் வேறு நிற நூல் ஒன்றைக் கட்டி வைத்தால் சுற்று எண்ணலாம். டபிளைச் சங்கிலியைச் சுற்றிப் போட்டால் வேகமாக வரும், ஆனால் கண்கள் வழுக்கி நகரும். ஐந்தில் மூன்றாவது சங்கிலிக்குள்ளேயே ஊசியை விட்டால் கண் அசையாது. பாரம் தூக்கும் பைக்கு இரண்டாவது முறைதான் நல்லது. இப்படி 18 சுற்று.

பிறகு வாய். ஒவ்வொரு வலைக்கண்ணுக்குள்ளும் 3 டபிள், மொத்தம் 72. அதற்கு மேல் மூன்று சுற்று டபிள். வாய் இறுகி உறுதியாகும்.

கடைசியாகத் தோள்பட்டி. வாயில் 8 கண்ணை எடுத்து, போயும் வந்தும் டபிளில் 40 சென்ரிமீற்றர் வரை பின்னுங்கள். பாவிக்கும்போது இன்னும் நீளும், ஆகையால் ஆசைப்பட்டு நீட்ட வேண்டாம். மறுபக்கம் 28 கண் விட்டு அடுத்த 8 கண்ணில் பொருத்துங்கள். 8, 28, 8, 28, கூட்டினால் 72. பட்டி பொருத்தும் இடத்தை இரண்டு தடவை தையுங்கள். பை அறுந்தால் முதலில் அங்கேதான் அறும்.

நூல் முனையை முடிச்சுப் போட்டு வெட்டாதீர்கள். ஒரு சாண் விட்டு, பின்னலுக்குள் போயும் வந்தும் கோத்துவிடுங்கள். மீன் வலைக்கு ஒவ்வொரு கண்ணிலும் முடிச்சு உண்டு. குறோசேயில் கடைசிக் கண் ஒன்றைத்தான் பூட்டுகிறோம். அது அவிழ்ந்தால் எல்லாம் அவிழும். அதனால் ஒரு நன்மையும் உண்டு. பிழைத்தால் இழுத்து அவிழ்த்துத் திரும்பப் பின்னலாம், நூல் வீணாகாது. தேங்காய், வெங்காயம், கத்தரிக்காய், வாழைப்பழம் எல்லாம் போடலாம். மீனுக்கு வேறு பை கொண்டுபோங்கள். கழுவினால் நிழலில் காயவிடுங்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விடயம். பின்னல் சட்டைக்கு, காலுறைக்கு இயந்திரம் வந்து நாலு நூற்றாண்டு கடந்துவிட்டது. 1589 இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் பொறியை உண்டாக்கினார். கையால் செய்யும் குறோசேயை அப்படியே செய்ய ஆலைகளில் இன்றுவரை இயந்திரம் இல்லை. குறோசே போலத் தோன்றும் ஆலைத் துணி வேறு வகைப் பின்னல். ஆகவே உலகத்தில் எந்தக் கடையில் உண்மையான குறோசேப் பை தொங்கினாலும் அதை ஒரு கைதான் பின்னியிருக்கிறது. அநேகமாக ஒரு பெண்ணின் கை. அதில் மலிவான விலைச் சீட்டுத் தொங்கினால் அந்தக் கைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கேளுங்கள்.

நான் காட்டிய பைக்குக் கை பழகியவருக்கு நாலைந்து மணித்தியாலம் வேண்டும். அரைநாள் வேலைக்கு மேல். யுத்தத்துக்குப் பிறகு எங்கள் மாகாணத்தில் எத்தனையோ குடும்பங்களைத் தனியாகத் தாங்கி நிற்பவர்கள் பெண்கள். அவர்களுக்குக் கைப்பணிப் பயிற்சி கொடுப்பதும் ஊசி நூல் கொடுப்பதும் நாங்கள் எல்லோரும் செய்கிற காரியம். பிறகு அவர்கள் பின்னிக் கொண்டுவந்ததை, "நூல் விலை இவ்வளவுதானே" என்று பேரம் பேசுகிறவர்களும் நாங்கள்தான். மேசன் வந்து சுவர் கட்டினால் சீமெந்து விலையை மட்டும் கொடுத்து அனுப்புவோமா? பெண் வீட்டில் இருந்து செய்கிற வேலைக்கு மட்டும் ஏன் நேரம் கணக்கில் வருவதில்லை?

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். எங்கள் விற்பனை மேசையில் வைக்கும் ஒவ்வொரு பையிலும் இரண்டு எண்களை எழுதுவோம்: நூலுக்கு எவ்வளவு, எத்தனை மணித்தியாலம். அன்றைய நாட்கூலியில் அந்த மணித்தியாலத்துக்கு என்ன வருமோ அதைக் கொடுப்போம். விலை கூடித்தான் வரும். வாங்க முடியாதவர்கள் தாங்களே பின்னலாம், அதற்குத்தான் இந்தச் செயலமர்வு. வெளிநாட்டுக் கிளைகளில் இருந்து ஐம்பது பை, நூறு பை என்று கேட்கும் சகோதரிகளே, உங்கள் அன்பு எங்களுக்குத் தெரியும். எண்ணிக்கையைக் குறைத்துக் கேளுங்கள், விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள்.

ஒவ்வொருவரும் ஒரு பை பின்னுங்கள். அதை 131 தடவைக்கு மேல் சந்தைக்குக் கொண்டுபோங்கள். கிழிந்தால் கிழிந்த கண்ணைத் திரும்பப் பின்னுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, ஆண் பிள்ளையானாலும், இதைப் பழக்குங்கள்.

பின்வரிசை மேசைகளில் ஊசியும் நூலும் வைத்திருக்கிறோம். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் எனக்கு நேர் எதிரே இருங்கள், கண்ணாடியில் பார்ப்பது போலப் பார்த்துச் செய்யலாம். 5 சங்கிலி போட்டுத் தொடங்குவோம்.