இசைத்தட்டுப் பெட்டிகள்: தேர்வும் பயனும்

புத்தகம் சேர்ப்பவர்களைப் பற்றி நம் நாட்டில் நிறையப் பேசியிருக்கிறார்கள். இசைத்தட்டுச் சேர்ப்பவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. ஆயினும் தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழர் இல்லங்களுக்குச் சென்றால், காப்பி பில்டருக்கு அடுத்தபடியாக நம் கண்ணில் படுவது சங்கீதம் கேட்பதற்கான ஏதேனும் ஒரு சாதனமும் அதன் அருகே சில தட்டுகளுமேயாகும். ஊரைவிட்டு வந்தவர்கள் கோயிலைக் கொண்டுவர முடியாது; மார்கழி மாதத்துக் கச்சேரிகளையும் கொண்டுவர முடியாது. கொண்டுவரக் கூடியது இது ஒன்றுதான். ஆகவே, இந்தச் சேகரத்தை எவ்வாறு வளர்ப்பது, அதிலும் 'பாக்ஸ் செட்' என்று கடைக்காரர்கள் கூறும் இசைத்தட்டுப் பெட்டிகளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

கைபேசியைத் தொட்டால் பாட்டு வருகிற இந்நாளில் தட்டும் பெட்டியும் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்விதான். கைபேசி நமக்குப் பாட்டைக் கொடுக்கிறது. ஆனால் வரிசையைக் கொடுப்பதில்லை. ஒரு தோடிக்குப் பின் ஒரு திரைப்பாடல், அதன் பின் ஒரு பஜனை என்று அது தன் போக்கில் ஊட்டுகிறது. பெட்டி என்பதோ, இசையறிந்த ஒருவர் ஒரு கருத்தை உள்ளத்திற் கொண்டு தொடுத்த மாலை. முதலில் எது, பின்னர் எது, ஏன் என்பதற்கு அதில் காரணம் உண்டு. பாட்டைக் கேட்பது வேறு. சங்கீதத்தைக் கற்றுக்கொள்வது வேறு. இரண்டாவதற்குப் பெட்டி துணை செய்கிறது.

'ஆல்பம்' என்ற சொல் வந்த கதையே சுவையானது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் முதல் நாலரை நிமிடம் வரைதான் ஓடும். ஐரோப்பியரின் நீண்ட சிம்பொனி ஒன்றைப் பதிய வேண்டுமானால் பல தட்டுகள் தேவைப்பட்டன. 1913-ஆம் ஆண்டில் ஆர்தர் நிகிஷ் என்பார் பெர்லின் வாத்தியக் குழுவைக்கொண்டு பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைப் பதிவு செய்தபோது அது எட்டுப் பக்கங்களை நிரப்பிற்று. இத்தகைய தட்டுகளை உறைகளில் இட்டு, புகைப்பட ஆல்பம்போல் அட்டை கட்டி விற்றார்கள். அதனால் அதற்கும் ஆல்பம் என்ற பெயரே நிலைத்தது. 1948-இல் 33⅓ சுற்று நெடுந்தட்டு, அதாவது எல்.பி., வந்த பின்னர் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இடம் கிடைத்தது. தனித்தட்டு ஒன்றே ஆல்பம் ஆயிற்று. பல தட்டுகள் சேர்ந்தது பெட்டி ஆயிற்று.

மேனாட்டில் இப்பெட்டிகள் செய்த தொண்டு பெரிது. 1932 முதல் 1935 வரை ஆர்தர் ஷ்னாபெல் என்ற பியானோ வித்துவான் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முறையாக முழுமையாகப் பதிவு செய்தார். அவற்றைச் சந்தாதாரர்களுக்கென ஒரு சங்கம் அமைத்து விற்றார்கள். 1958-க்கும் 1965-க்கும் இடையில் டெக்கா நிறுவனத்தார், ஷோல்டி என்பவரின் தலைமையில் வாக்னரின் 'ரிங்' இசைநாடகங்கள் நான்கையும் வியன்னாவில் பதிவு செய்தனர். பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும் இவ்விசையை, மேடைக்குச் செல்ல வசதியில்லாத பல்லாயிரம் பேர் வீட்டிலிருந்தே கேட்க வழி பிறந்தது. 1971-இல் தொடங்கி 1989-இல் முடிந்த பாக் என்பாரின் தேவாலய இசைப் பதிவுகளில், ஆர்னன்கூர், லியோன்ஹார்ட் ஆகிய இருவரும் உழைத்தனர். அப்பெட்டிகளில் தட்டுகளோடு ஸ்வரக் குறிப்புப் புத்தகத்தையும் சேர்த்தே வைத்தார்கள். காதால் கேட்பதும் கண்ணால் படிப்பதும் ஒருங்கே நிகழ்ந்தன.

நம் சங்கீதத்துக்கு வருவோம். இந்தியாவில் 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கிராமபோன் பதிவு தொடங்கிய நாளிலிருந்து, பல பத்தாண்டுகள் நம் வித்துவான்களும் மூன்று நிமிடச் சிறையிலேதான் பாடினார்கள். ஆலாபனை சுருங்கிற்று, நிரவல் மறைந்தது, ராகம் தானம் பல்லவிக்கு இடமே இல்லை. எனவே அந்தப் பழந்தட்டுகளை மாத்திரம் கேட்டு ஒரு வித்துவானை எடைபோடுவது, தபால் அட்டையைப் படித்து ஒருவருடைய எழுத்தாற்றலை மதிப்பிடுவது போன்றதாகும். ஒரு முழுக் கச்சேரியை வர்ணம் முதல் மங்களம் வரை அடக்கிய பெட்டி, தனிக் கீர்த்தனைகள் நிறைந்த ஐந்து பெட்டிகளைவிடப் பயனுடையது என்பது நம் கருத்து. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்துத் தந்த கச்சேரிப் பத்ததி எத்தகையது என்பதைப் புத்தகத்தில் படித்து உணர முடியாது. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டால்தான் உணர முடியும்.

மற்றொன்றும் உண்டு. நம் வாக்கேயகாரர்களே சில கீர்த்தனைகளைத் தொகுதியாகத்தான் இயற்றினார்கள். தியாகராஜ சுவாமிகளின் கன ராகப் பஞ்சரத்தினம் ஐந்து. சியாமா சாஸ்திரிகளின் ஸ்வரஜதிகள் மூன்று. முத்துசுவாமி தீட்சிதரின் வார கீர்த்தனைகளோ, ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிழமைகளுக்கும் ஏழு. இவற்றில் துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்ற ஏழு தாளங்களும் அதே முறையில் அமைந்திருப்பதைத் தனித்தனியே கேட்பவர் எப்படி அறிவார்? கமலாம்பா நவாவரணத்தில் முதல் எட்டு ஆவரணங்களும் எட்டு வேற்றுமைகளில் அடுத்தடுத்து வர, ஒன்பதாவதில் எல்லா வேற்றுமைகளும் ஒருங்கே வருகின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு இது இரட்டை விருந்து. தியானக் கீர்த்தனையையும் மங்களத்தையும் சேர்த்துப் பதினொன்றும் முறையாக அடங்கிய பெட்டியே பெட்டி. அவற்றில் நான்கை எடுத்து, வேறு உருப்படிகளோடு கலந்து, மேலே அழகிய படம் ஒட்டியது பெட்டியன்று; மூட்டை.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. கடைக்குச் செல்வதற்கு முன் வீட்டிலுள்ளவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதுவது முதல் வேலை. யார் பாடியது, என்ன உருப்படி, எந்த ராகம் என்று மூன்று பத்திகள் போதும். எழுதிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒரே பாடகரின் ஒரே கீர்த்தனை நான்கு தட்டுகளில் இருக்கும்; நாகசுரமோ வீணையோ புல்லாங்குழலோ ஒன்றுகூட இராது. வாய்ப்பாட்டிலேயே நின்றுவிட்ட சேகரங்கள் மிகப் பல. பெட்டி வாங்குவது இருப்பதை இரட்டிப்பதற்காக அன்று; இல்லாததை நிரப்புவதற்காக. புதிய பெட்டியின் உள்ளடக்கத்தை நம் பட்டியலோடு ஒப்பிட்டு, பாதிக்கு மேல் ஏற்கெனவே நம்மிடம் இருக்குமானால் அதை விட்டுவிடலாம்.

இரண்டாவதாக, 'முழுத் தொகுதி' என்ற சொல்லைக் கண்டவுடன் மயங்கலாகாது. எதில் முழுமை என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது அந்த ஒரு நிறுவனத்திற்காக அக்கலைஞர் பதிவு செய்தவற்றின் முழுமையாகவே இருக்கும். வேறு நிறுவனத்தில் பாடியதும் வானொலியில் பாடியதும் அதில் இரா. அவ்வாறே, பெட்டியின் மேல் உள்ள பெயரை மாத்திரம் பாராமல், பதிவு செய்த ஆண்டையும் பார்க்க வேண்டும். காராயன் என்ற புகழ்பெற்ற இசைநடத்துநர் பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் ஒருமுறையன்று, பலமுறை பதிவு செய்திருக்கிறார். 1961-62-இல் பெர்லினில் செய்த பதிவும், 1970-களில் செய்ததும், 1980-களில் செய்ததும் வேறு வேறு. ஆண்டு அச்சிடாத பெட்டியைச் சந்தேகத்தோடு நோக்குவதே நன்று.

மூன்றாவது, அளவு. மோட்சார்ட் மறைந்த 200-ஆம் ஆண்டான 1991-ஐ ஒட்டி, பிலிப்ஸ் நிறுவனத்தார் அவருடைய படைப்புகள் அனைத்தையும் 180 குறுந்தட்டுகளில் வெளியிட்டார்கள். 2016-இல் வந்த மற்றொரு பெரும் பெட்டியில் 200 தட்டுகள். நாளொன்றுக்கு ஒரு தட்டு வீதம் விடாமல் கேட்டாலும் ஆறு மாதத்துக்கு மேலாகும். அலுவலகமும் பேருந்தும் குழந்தைகளின் பாடமும் போக எஞ்சுவது எவ்வளவு நேரம் என்பது நமக்கே தெரியும். மாறாக, சிறிய பெட்டி ஒன்றைக் காண்போம். கிளென் கூல்ட் என்ற கனடா நாட்டுப் பியானோ வித்துவான், பாக்கின் 'கோல்ட்பெர்க்' இசையை 1955-இல் இளைஞராக இருந்தபோதும், 1981-இல் தம் வாழ்வின் இறுதியை நெருங்கியபோதும் பதிவு செய்தார். முன்னது ஏறத்தாழ 38 நிமிடம். பின்னது 51 நிமிடம். இரண்டையும் சேர்த்து 2002-இல் மூன்றே தட்டுகளில் வெளியிட்டார்கள். ஒரே இசை, ஒரே மனிதர், இடையில் இருபத்தாறு ஆண்டுகள். ஒரு மனிதனின் வாழ்க்கை அவன் கலையை என்ன செய்கிறது என்பதை அந்த மூன்று தட்டுகள் கற்பிக்கின்றன. பெட்டியின் பெருமை எண்ணிக்கையில் இல்லை.

நான்காவது, உடன் வரும் கையேடு. வெளி மாநிலத் தமிழர்க்கு இதுவே தலையாயது என்போம். இங்கு வளரும் நம் குழந்தைகளுள் பலர் தமிழைப் பேசுவர், படிக்க இடர்ப்படுவர். தெலுங்கும் சம்ஸ்கிருதமும் விரவிய கீர்த்தனைகளின் பொருளோ பெற்றோர்க்கே எட்டுவதில்லை. சாகித்தியம், அதன் பொருள், ராகம், தாளம், பக்கவாத்தியக்காரர் பெயர், பதிவு செய்த இடம் ஆகியவற்றைத் தெளிவாகத் தரும் கையேடு இருந்தால், பத்து வயதுச் சிறுமியும் தானே பெட்டியைத் திறந்து கேட்கத் தொடங்குவாள். 1979-80-இல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடி, ஐந்து நெடுந்தட்டுகளாக வெளிவந்த 'பாலாஜி பஞ்சரத்ன மாலை'யைப் போன்ற ஒன்றைப் பொருளறிந்து கேட்பதற்கும், காலையில் சமையலறைப் பின்னணியில் ஓடவிடுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. கையேடு இல்லாவிடில் நாமே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். மொழி கைநழுவிப் போகும் வீடுகளில் பாட்டின் சொல்லாவது எஞ்சட்டும்.

நம் இசையைக் காப்பதோடு, நாம் வாழும் மண்ணின் இசைக்கும் காது கொடுப்பது கடமை. இந்துஸ்தானி ராகங்களை வேளை வாரியாகத் தொகுத்த பெட்டிகள் உண்டு. பூபாலியில் நம் மோகனத்தையும், மால்கவுன்ஸில் இந்தோளத்தையும், யமனில் கல்யாணியையும் இனங்கண்டு கொள்ளும்போது, அயலூர் என்ற உணர்வு பாதி அகன்றுவிடுகிறது. வடக்கே பைரவி என்பது நம் தோடியின் ஸ்வரங்களைக் கொண்டது என்றறிந்து வியக்கும் குழந்தை இரண்டு மரபுகளுக்கும் உரிமையுடையதாகிறது. வானொலி 1952-இல் தொடங்கிய தேசிய சங்கீத நிகழ்ச்சி, இரு மரபுகளையும் நாடெங்கும் ஒலிக்கச் செய்தது இக்கருத்தோடுதான். வானொலியின் பழைய பதிவுகளிலிருந்தும் 2003 முதல் தட்டுகள் வெளிவந்துள்ளன. இரு மரபினரின் முழுநீள இசையும் அவற்றில் கிடைக்கும்.

பழைய பெட்டிகளை வாங்குவோர்க்குச் சில சொற்கள். சென்னையின் மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாயிற்று. எனினும் பம்பாயின் சோர் பஜாரிலும் கல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெருவிலும் தேடுவோர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. பெட்டியைத் திறந்து தட்டுகளை எண்ணிப் பார்த்தே விலை பேச வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கீறலும் வளைவும் தெரியும். ஒரு தட்டுக் குறைந்தாலும் தொடர் அறுந்துபோகும். வீட்டில் நெடுந்தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். வெயில் படும் சுவரருகே வைக்கலாகாது. தில்லியின் புழுதியும் பம்பாயின் ஈரமும் இரு வேறு பகைகள். குறுந்தட்டைத் துடைக்கையில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைப்பதே முறை. வட்டமாகத் துடைத்தல் தீது. மாற்றல் உத்தரவு வரக்கூடிய உத்தியோகஸ்தர்கள் எடையையும் எண்ணிப் பார்ப்பது நலம். பத்து நெடுந்தட்டுகள் அடங்கிய பெட்டி ஏறத்தாழ மூன்று கிலோ இருக்கும்; அத்தகைய இருபது பெட்டிகளை மூன்று ஆண்டுக்கொருமுறை ரயிலேற்றுவது எளிதன்று.

விலையுயர்ந்த பெட்டிகளைத் தனி ஒருவர் வாங்குவதைவிடக் கூடி வாங்குதல் சிறந்தது. 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம்போல் ஏறக்குறைய எல்லாப் பெருநகரங்களிலும் தமிழர் அமைப்புகள் இருக்கின்றன. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கி, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டில் அமர்ந்து ஒரு தட்டை முழுமையாகக் கேட்டு, பின்னர் அதைப் பற்றிப் பேசலாம். செலவு பங்கிடப்படும், ரசனை பெருகும். பெரியவர் ஒருவர், "இந்த இடத்தில் கவனி, நிஷாதத்தை எப்படித் தொடுகிறார் பார்" என்று கூறுவதைக் கேட்டுக் கற்கும் சிறுவனுக்கு அது எந்தக் கையேட்டிலும் கிடைக்காத பாடமாகும்.

சுருங்கச் சொன்னால், ஆண்டுக்கு ஒரு பெட்டி போதும். அது நம்மிடம் இல்லாத ஒன்றை நிரப்புவதாக இருக்கட்டும். முறையாகத் தொகுக்கப்பட்டதாகவும், பொருள் விளக்கம் உடையதாகவும், ஓராண்டுக்குள் கேட்டு முடிக்கக் கூடியதாகவும் இருக்கட்டும். முந்திய ஆண்டின் பெட்டியைக் கேட்டு முடிக்காமல் அடுத்ததை வாங்குவதில்லை என்று ஒரு விதி செய்துகொள்வோமாக. பத்தாண்டுகளில் பத்துப் பெட்டிகள் சேரும். அலமாரியின் ஒரு தட்டுக்கு மேல் அவை இடம் கொள்ளா. ஆனால் அவற்றை முழுதும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், நாளை எந்த ஊரில் குடியேறினாலும், எந்த மொழியில் பேசினாலும், ஒரு கல்யாணியைக் கேட்ட அளவில் கல்யாணி என்று அறிவார்கள். அவர்களுக்கு நாம் வைத்துச் செல்லக் கூடிய சொத்துகளில் இது சிறியதன்று.