ஒரு கற்றை முடி



சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்பது கவிஞர்களின் நம்பிக்கை. அந்நம்பிக்கை இடம் மாறிக் கொலையில் முடிந்த ஓர் ஊரைப் பற்றியது இவ்வுரை.

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் யார்க் மாவட்டம் உள்ளது. அதன் தென்பகுதியில், காடடர்ந்த சரிவுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளத்தை ரேமெயர் பள்ளம் என்கின்றனர். ‘சூனியப் பள்ளம்’ என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. பாதையோரத்தில் மரத்தாலான சிறிய இரண்டடுக்கு வீடொன்று நிற்கிறது. இருட்டிய பின் அவ்வீட்டைக் காண இளைஞர்கள் வருவது பல்லாண்டு வழக்கம். காலடியோசை கேட்கும் என்பர். கார் நின்றுவிடும் என்பர். கொலை நிகழ்ந்த இரவில் கடிகாரம் 12 மணி 1 நிமிடத்தில் நின்றுபோயிற்று என்பதும் அவர்கள் கேட்டுவரும் கதைகளுள் ஒன்று.

அப்பகுதியில் குடியேறிய ஜெர்மானிய உழவர்கள் வழிவழியாக ஒரு நாட்டு வைத்தியத்தைப் பேணி வந்தனர். ‘பவ்வவ்’ என்பது அதன் பெயர். அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து வந்த சொல் அது. பல்வலி, காய்ச்சல், குருதிப்போக்கு ஆகியவற்றுக்கு மந்திரம் ஓதித் தடவிவிடுவார்கள். நம் ஊர்ப் பாட்டிமார் பார்வை பார்ப்பதற்கு அது மிகத் தொலைவிலுள்ளதன்று. அம்மந்திரங்களை ஜான் ஜார்ஜ் ஹோமன் என்பவர் தொகுத்து, ‘நெடுநாள் மறைந்திருந்த நண்பன்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1820இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். ஓதுவதற்கு மட்டுமன்றி, உடன் வைத்திருப்பதற்கும் உரிய நூல் அது. அதைச் சுமப்பவரை நீரும் நெருப்பும் பகைவரும் தீண்டமாட்டார் என்ற உறுதி அதிலேயே அச்சாகியுள்ளது. ஒரு நூல் தானே தாயத்தாகிவிட்ட விந்தையைக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நெல்சன் ரேமெயர் அத்தகைய வைத்தியர். அறுபது வயதளவில் தனியே வாழ்ந்த உருளைக்கிழங்கு விவசாயி. மனைவி பிரிந்து வேறிடத்தில் இருந்தார். ஜான் பிளைமயர் என்பவரும் அக்குலத் தொழிலில் வந்தவரே. சிறுவயதில் ரேமெயரின் நிலத்தில் கிழங்கு அகழ்ந்து கூலி பெற்றவர். பின்னாளில் யார்க் நகரின் சுருட்டு ஆலையில் வேலை பார்த்தார். உடல் தேய்ந்தது, உறக்கம் போயிற்று, வாழ்வில் தொட்டதெல்லாம் துலங்கவில்லை. தமக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டனர் என்று நம்பினார். மரியெட்டா ஊரின் குறிகாரி நெல்லி நோல் என்பவரை நாடியபோது, செய்தவர் ரேமெயரே என்றாராம். பிளைமயரின் உள்ளங்கையில் ஒரு டாலர் நோட்டை வைத்து எடுத்ததும், அங்கே ரேமெயரின் முகம் தெரிந்ததாம். பரிகாரம் எளிது: ரேமெயரின் மந்திர நூலை எரிக்க வேண்டும், அல்லது அவர் தலைமுடியில் ஒரு கற்றையை வெட்டி மண்ணில் புதைக்க வேண்டும்.

ஈண்டு நெஞ்சை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. 1928 நவம்பர் 26 அன்று பிளைமயரும் பதினான்கு வயதுச் சிறுவன் ஜான் கரியும் அவ்வீட்டுக்குச் சென்றனர். ரேமெயர் அவர்களோடு இரவு நெடுநேரம் பேசினார். படுக்க இடம் தந்தார். காலையில் உணவும் இட்டார். நூலின் இருப்பிடம் மட்டும் தெரியவில்லை. அந்தப் பேருருவினரை இருவரால் வெல்ல முடியாது என்றெண்ணித் திரும்பினர். மறுநாள் இரவு பதினெட்டு வயது வில்பர்ட் ஹெஸ்ஸையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் வந்தனர். கோழி முட்டையிடாமல், பயிர் விளையாமல் ஹெஸ் குடும்பமும் நொந்திருந்தது. அதற்கும் ரேமெயரே காரணம் என்று பிளைமயர் சொல்லியிருந்தார். கேட்ட நூலை ரேமெயர் கொடுக்கவில்லை. கயிற்றால் கட்டினர், அடித்தனர். அவர் இறந்ததும் எண்ணெய் ஊற்றித் தீ வைத்துவிட்டு ஓடினர். விருந்துண்ட வீட்டில் விளைந்த கொடுமை இது.

வீடு எரியவில்லை. தீ தரைப்பலகையைக் கருக்கியதோடு தானே அணைந்தது. மந்திரவாதியின் ஆற்றல் என்று ஊரார் வியந்தனர். மூடிய அறையில் காற்றுக் குறைந்திருக்கும் என்பதே பொருந்தும். ஆற்றல் அவரிடம் இருந்திருந்தால் அது பலகையைக் காப்பதற்கு முன் அவரையன்றோ காத்திருக்க வேண்டும்?

1929 சனவரியில் மூவர் வழக்குகளும் தனித்தனியே நடந்தன. நாடெங்குமிருந்து செய்தியாளர் குவிந்தனர். சூனியத்தை நம்பும் ஊர் என்ற பழிக்கு அஞ்சியோ என்னவோ, அரசுத் தரப்பு அதைக் கொள்ளைக்காகச் செய்த கொலை என்றே வாதிட்டது. கிடைத்த பணமோ அற்பம். பிளைமயருக்கும் சிறுவன் கரிக்கும் வாழ்நாள் சிறை. ஹெஸ்ஸுக்குப் பத்து முதல் இருபது ஆண்டுகள். பதினான்கு வயதுக்கு வாழ்நாள் சிறை என்பது எந்த மந்திரத்திலும் குறைந்த கொடுமையன்று. கரி 1939இல் விடுதலையானார்; பிளைமயர் 1953இல். இனி நன்றாக உறங்க முடிகிறது, உண்ண முடிகிறது என்று பிளைமயர் கொலைக்குப் பின் சொன்னதாகப் பதிவாகியுள்ளது. அவரைப் பொறுத்தவரை மருந்து வேலை செய்தது.

இன்றும் அப்பள்ளத்துக்கு வருவோர் சன்னல்களையே நோக்குகின்றனர். கொட்டிலை எவரும் நினைப்பதில்லை. அந்த நவம்பரில், தீனி வைக்க ஆளின்றி ரேமெயரின் கோவேறு கழுதை விடாது கத்தியது. அக்குரல் கேட்டு என்னவென்று பார்க்கச் சென்ற அண்டை வீட்டுக்காரரே உள்ளே கிடந்த உடலைக் கண்டார்.