பல் மருத்துவர் பஞ்சமும் பதிவு விதிகளும்

பல் போனால் சொல் போகும் என்பது பழமொழி. சொல் மட்டுமா போகிறது? உணவின் சுவை போகிறது. இரவில் உறக்கம் போகிறது. பகலில் வேலையில் மனம் செல்வதில்லை. அந்த வலியைத் தீர்க்க வல்ல மருத்துவர் ஊரில் போதிய அளவில் இல்லையென்றால் மக்கள் என்ன செய்வார்கள்? அயல்நாட்டில் பயின்ற மருத்துவர்கள் வாயிலில் காத்து நிற்கிறார்கள் என்றால், அவர்களை உள்ளே விடுவதற்குரிய தகுதி விதிகளைத் தளர்த்தலாமா? அண்மை ஆண்டுகளில் இங்கிலாந்தில் பெரிதும் விவாதிக்கப்பட்ட இவ்வினாவை இன்று சற்று ஆராய்வோம்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் பல் மருத்துவ நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அரசின் தேசிய சுகாதாரப் பணியின் கீழ் நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வதாக அது அறிவித்தது. உடனே நூற்றுக்கணக்கான மக்கள் தெருவில் வரிசையாக வந்து நின்றார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் காவலர் வரவேண்டியதாயிற்று. 1948ஆம் ஆண்டிலேயே எல்லோருக்கும் மருத்துவ வசதி என்னும் கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடு அது. அந்நாட்டில் ஐந்து வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு முதற்காரணமாக இருப்பது பற்சொத்தை என்பதையும் நினைத்துப் பார்த்தால், பஞ்சத்தின் கடுமை விளங்கும்.

இத்தகைய நெருக்கடியில், 'விதிகளைத் தூக்கி எறியுங்கள். மருத்துவர்களை வரவழையுங்கள்' என்று சொல்வது எளிது. ஆனால் அவ்விதிகள் ஏன் பிறந்தன என்பதை முதலில் அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் பல் பிடுங்குவதற்கு எவ்விதத் தகுதியும் தேவைப்படவில்லை. குறடு வைத்திருந்தவர் எல்லோரும் பல் வைத்தியரே. 1860ஆம் ஆண்டில்தான் அறுவை மருத்துவர்களின் அரச கல்லூரி பல் மருத்துவத்துக்கெனத் தனித் தேர்வு நடத்தத் தொடங்கியது. 1878இல் வந்த சட்டம் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தியது. எனினும் அது 'பல் மருத்துவர்' என்னும் பெயரைக் காத்ததேயன்றித் தொழிலைக் காக்கவில்லை. பெயரைச் சிறிது மாற்றிப் பலகையில் எழுதிக்கொண்டு, தகுதியற்றோர் தொழிலை நடத்தியே வந்தனர். 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் பதிவு பெறாதோர் பல் மருத்துவம் செய்யக்கூடாது என்று தடுத்தது.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்த 1921ஆம் ஆண்டுச் சட்டம் கதவை அடைத்தபோதே ஒரு வழியையும் திறந்து வைத்தது. பட்டம் பெறாதவரேயாயினும், முன்னரே சில ஆண்டுகள் இத்தொழிலை முறையாக நடத்தி வந்த நல்லொழுக்கமுள்ளோரைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. அவர்களை ஒரே நாளில் விலக்கியிருந்தால் நாட்டில் பல் மருத்துவம் செய்யப் போதிய ஆளே இருந்திருக்கமாட்டார்கள். ஆகவே, தரத்தைக் காப்பதும், தேவையை அறிந்து விதியை வளைப்பதும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதை அந்நாட்டு வரலாறே காட்டுகிறது.

இப்பொழுது பதிவேட்டைக் காத்து வருவது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பொதுப் பல் மருத்துவ மன்றமாகும். ஐரோப்பிய நாடுகளில் பெற்ற பட்டங்கள் பெரும்பாலும் தேர்வின்றியே ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. பிரிட்டன் 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னரும் அச்சலுகை நீட்டிக்கப்பட்டது. இந்தியா போன்ற பிற நாடுகளில் பயின்றவர்களோ, 2007 முதல் நடைபெற்றுவரும் வெளிநாட்டார் பதிவுத் தேர்வையோ, அரச கல்லூரியின் தேர்வையோ எழுதியாக வேண்டும். பதிவுத் தேர்வு இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி எழுத்துத் தேர்வு. இரண்டாம் பகுதியில் செயற்கைத் தலையொன்றின் பற்களில் சிகிச்சை செய்து காட்டவேண்டும். நோயாளியிடம் பேசி நோயை அறிந்து சிகிச்சையை வகுக்கவேண்டும். திடீரென மயங்கி விழுவோரைக் காக்கும் முறையும் தெரிந்திருக்கவேண்டும்.

இவற்றில் எதையும் தேவையற்றது என்று சொல்லிவிட முடியாது. வாய்க்குள் ஊசி செலுத்துகிறவர், எலும்பை ஒட்டி அறுவை செய்கிறவர், புற்றுநோயின் முதல் அறிகுறியைக் கண்டுபிடிக்க வேண்டியவர் பல் மருத்துவர். அவர் தவறினால் துன்புறுவது நோயாளியே.

ஆனால் தேர்வு என்பது வேறு. தேர்வுக்காகக் காத்துக் கிடப்பது வேறு. பெருந்தொற்றின் காரணமாக 2020இல் நிறுத்தப்பட்ட இத்தேர்வு 2022இல்தான் மீண்டும் தொடங்கியது. அதற்குள் காத்திருப்போர் கூட்டம் பெருகிவிட்டது. முதற்பகுதியில் ஒரு தடவைக்கு 200 பேர் என்றிருந்ததை 2023இல் 600 ஆக உயர்த்தினார்கள். ஆயினும் இரண்டாம் பகுதியில் ஒரு தடவைக்கு 144 பேருக்கே இடமிருந்தது. பெரிய மண்டபத்திலிருந்து சிறிய கதவு வழியே வெளியேறும் கூட்டம் போல, முதற்பகுதியில் வென்றவர்கள் இரண்டாம் பகுதியின் வாயிலில் நெருக்குண்டார்கள். இரண்டாம் பகுதிக்கான கட்டணமோ 4,000 பவுனுக்கும் மேல். ஐந்தாண்டு பயின்று, தாய்நாட்டில் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த ஒருவர், அங்கே வேறு வேலை பார்த்துக்கொண்டு தேர்வு நாளை எதிர்நோக்கியிருப்பார். கைத்தொழிலில் பழக்கம் விட்டுப்போனால் திறமையும் மங்குமன்றோ? தகுதியைக் காக்க வந்த விதியே தகுதியைத் தேயச் செய்கின்ற விந்தை இது.

இந்நிலையில் பிரிட்டிஷ் அரசு 2024ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. அயல்நாட்டில் பயின்ற மருத்துவரைத் தேர்வுக்கு முன்னரே தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அவர் முழுப் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், வரையறுத்த காலம் வரையில்தான் பணிபுரியவேண்டும் என்பது அதன் சாரம். பொதுப் பல் மருத்துவ மன்றம் இக்கருத்தை வரவேற்றது. மருத்துவர்களின் சங்கம் ஐயங்களை எழுப்பியது. மேற்பார்வை யார் பொறுப்பு? ஏற்கெனவே வேலை மிகுந்த மருத்துவர் அருகிலிருந்து பார்ப்பாரா, அல்லது கையெழுத்து மட்டும் இடுவாரா? ஐயம் நியாயமானதே. மேற்பார்வை மெய்யாக இருந்தால் அது தேர்வைக் காட்டிலும் சிறந்த உரைகல். ஒருநாள் தேர்வில் செயற்கைத் தலையில் காட்டும் திறமையைவிட, ஓராண்டுக் காலம் உயிருள்ள மனிதரிடம் காட்டும் திறமை நம்பத்தக்கது. மேற்பார்வை பொய்யாக இருந்தாலோ, பதிவேட்டுக்கே பொருளில்லாமற் போகும்.

ஆகவே விதியைத் தளர்த்தும்போது ஒரு வேற்றுமையை உணர்தல் வேண்டும். மருத்துவரின் திறமையை அளக்கும் விதிகள் சில. அவருடைய பொறுமையையும் பணப்பையையும் அளக்கும் விதிகள் சில. இரண்டாம் வகையைத் தயங்காமல் தளர்த்தலாம். முதல் வகையை வேறு முறையில் நிறைவேற்றலாம், நீக்கிவிடக்கூடாது.

இத்துடன் வினா முடிந்துவிடவில்லை. பிரிட்டனின் பதிவேட்டில் 40,000க்கும் மேற்பட்ட பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அரசின் பணியை ஏற்று நோயாளிகளைப் பார்க்கப் பலர் விரும்புவதில்லை. ஏன்? 2006இல் இங்கிலாந்தில் வந்த ஒப்பந்தப்படி, மருத்துவரின் வேலை 'அலகு'களாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு பல்லை அடைத்தாலும் மூன்று அலகு. ஆறு பற்களை அடைத்தாலும் அதே மூன்று அலகு என்ற நிலையே பல ஆண்டுகள் நீடித்தது. 2022இல்தான் இது சிறிது திருத்தப்பட்டது. மிகவும் பழுதுபட்ட வாயுடன் வருகிற ஏழையைக் கவனிக்கும் மருத்துவருக்கு நட்டம் உண்டாகும்படி கணக்கை அமைத்துவிட்டு, மருத்துவரைக் காணோமே என்று வருந்துவதில் பயனென்ன? ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பவர் முதலில் ஓட்டையை அடைக்க வேண்டாமா? இன்று அயல்நாட்டிலிருந்து வருகிறவரும், முழுப் பதிவு பெற்றதும், அதே கணக்கைப் பார்த்து அதே வழியில் தனியார் தொழிலுக்குச் செல்லக்கூடும்.

மற்றொன்றும் உண்டு. செல்வ நாட்டின் வாயிலில் நிற்கும் மருத்துவர் வானத்திலிருந்து வந்தவரல்லர். ஏதோ ஒரு நாடு அவரைப் பயிற்றுவித்திருக்கிறது. இத்தேர்வை எழுதுவோரில் நம் நாட்டில் பயின்றவர் பலர். நம் நகரங்களில் பல் மருத்துவர் நிறைந்திருந்தாலும் நாட்டுப்புறங்களில் அவர்களைக் காண்பது அரிது. தாம் விரும்பிய நாட்டில் உழைக்க ஒருவருக்கு உரிமையுண்டு. அதைத் தடுப்பது முறையன்று. எனினும், பிறர் வளர்த்த மரத்தின் நிழலிலேயே என்றும் தங்கலாம் என்று செல்வ நாடுகள் எண்ணுவதும் முறையன்று. தம் குழந்தைகளுக்குத் தேவையான மருத்துவர்களைத் தாமே பயிற்றுவிப்பது அவற்றின் கடமை.

மாணவர்களே! உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம். சிலர் விதிகளை வகுக்கும் பதவியில் அமரலாம். 'இவ்விதி கூடுமா, கூடாதா' என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறுமாறு உங்களைப் பலர் கேட்பார்கள். அப்பொழுது, அந்த விதி யாரைக் காக்கிறது, யாரை வீணே நிறுத்தி வைக்கிறது என்னும் இரண்டையும் தனித்தனியே கேட்டறியுங்கள். வலியோடு தெருவில் நிற்கும் நோயாளிக்கு விரைவில் ஒரு மருத்துவர் வேண்டும். அவர் தொழில் தெரிந்த மருத்துவராகவும் இருக்கவேண்டும். இவ்விரண்டில் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறுப்பது நல்ல அரசுக்கு அழகன்று.