பரணில் தூங்கும் லேப்டாப்
(சங்கப் பொதுக்குழுவில் பேசியது)

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அப்படி வந்த லேப்டாப் உறையூரில் பல வீட்டுப் பரணில் இன்னும் இருக்கும். "ஆன் ஆகல" என்று பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள்.

என் மகளுடையதும் அப்படித்தான் கிடந்தது. கடையில் மதர்போர்டு போச்சு என்றார்கள். உள்ளே இருந்ததோ என் அம்மாவின் கடைசி வருடப் படங்கள்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. குத்தவோ அழுத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். நம் குப்பைத்தொட்டி வண்டிகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தயவுசெய்து அதில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் தனியாகக் கொடுங்கள்.

உப்பவில்லையா? சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பழைய மாடல்களில் அடியில் உள்ள தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி வந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் போட்டுப் பாருங்கள். ஓடினால் கோளாறு பேட்டரியில் இருக்கலாம். ஓடாவிட்டால் சார்ஜர் முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். சார்ஜர் மேல் பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ட் என்று போட்டிருக்கும். மிகவும் குறைந்தால் சார்ஜர் போய்விட்டது. புதிது வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது.

எங்களுடையதில் வயர், முனையருகே உள்ளுக்குள் அறுந்திருந்தது. அவ்வளவுதான்! மதர்போர்டாம்.

எல்லாம் பார்த்தும் உயிர் வராவிட்டால்கூட ஹார்ட்டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துப் படங்களை எடுத்துவிட முடியும், பெரும்பாலும். மல்டிமீட்டர் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலையில் சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.