கடல் கடந்து கற்றோர் கடன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தொழில் புரிவோர் நாடு விட்டு நாடு சென்று பயிலும் திட்டங்களைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இங்கு கூடியிருப்போருள் ஆசிரியர் உளர், தாதியர் உளர், பொறியியலாளர் உளர், கந்தோர் உத்தியோகத்தரும் உளர். அவருட் சிலர் இத்தகைய பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கவுங் கூடும். ஆதலால், அத்திட்டங்களின் பெருமையை மாத்திரம் பேசி அமையாது, அவை சென்று வந்தோரை என்ன செய்கின்றன என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும்.

இத்துறையில் நமது கொழும்பு மாநகரின் பெயர் உலகறிந்த பெயராகும். 1950ஆம் ஆண்டு சனவரி மாதம் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் அங்கே கூடினர். அக்கூட்டத்திற் கருக்கொண்டதே கொழும்புத் திட்டம். இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஏழு நாடுகளோடு 1951ஆம் ஆண்டு யூலை மாதம் அது செயற்படத் தொடங்கிற்று. 1954இல் யப்பானும் சேர்ந்தது. பெருந் திட்டங்களுக்குப் பொருளுதவி செய்தல் அதன் ஒரு கிளை. வல்லுநரை அனுப்புதலும் பயிற்சிக்கு வருவோரை ஏற்றலும் மற்றொரு கிளை. இன்று அதன் பணி பெரும்பாலும் பயிற்சியே. செயலகம் இன்றுங் கொழும்பிலேயே உளது.

அமெரிக்காவின் புல்பிரைட் திட்டம் இதற்குஞ் சற்று முந்தியது. ஆர்க்கன்சோ மாநிலத்துச் சிறு நகரொன்றில் வளர்ந்த புல்பிரைட் என்பார், 1925இல் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போட் சென்று பயின்றார். பின்னாளிற் செனற் சபையினரானதும், போர் முடிந்து பிற நாடுகளில் எஞ்சிக் கிடந்த அமெரிக்கப் போர்த் தளபாடங்களை விற்ற பணத்தைக் கல்விப் பரிமாற்றத்துக்குச் செலவிடும் சட்டத்தை 1946இல் நிறைவேற்றுவித்தார். போர்க் கருவி விற்ற காசு புத்தகமும் கப்பற் பயணச் சீட்டுமாயிற்று! இலங்கை 1952இல் அத்திட்டத்திற் சேர்ந்தது. 1964இல் இந்தியாவும் பிற வளர்முக நாட்டு உத்தியோகத்தரை அழைத்துப் பயிற்றும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. நம்மவர் பலர் அதன்வழிச் சென்று வருகின்றனர்.

இனி, செல்வோர் மனத்தில் நிகழ்வது யாது? நோர்வே நாட்டு ஆய்வாளர் லிஸ்கார்ட், புல்பிரைட் திட்டத்தின் கீழ் அமெரிக்கா சென்ற 200 நோர்வேயரை ஆராய்ந்து 1955இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர் மகிழ்ந்திருந்தனர். பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவரும் நன்றாகப் பொருந்தியிருந்தனர். இடைப்பட்டவரே தனிமையுற்று இடர்ப்பட்டனர். புதுமை தேய்ந்து, நட்பு வேரூன்றாத காலம் அது. பள்ளத்தில் இறங்கிப் பின் மேட்டில் ஏறும் வழி போன்றது அவர் கண்ட கோலம். எல்லார்க்கும் இது பொருந்தாதெனப் பின்வந்தோர் காட்டினராயினும், செல்லவிருக்கும் இளைஞர் இதனை அறிந்திருத்தல் நன்று. நாலாம் மாதமோ ஏழாம் மாதமோ மனஞ் சோர்ந்தால், அது தம் குறையெனக் கருதி மூட்டை கட்ட வேண்டுவதில்லை.

ஆயின் இதனினும் கடியது இரண்டாம் பள்ளம். 1963இல் அமெரிக்க ஆய்வாளரான கல்லஹோர்ன் தம்பதியர், ஊர் திரும்பியோர்க்கும் அதே இறக்கமும் ஏற்றமும் உண்டெனக் காட்டினர். அந்நிய நாட்டில் இடர்ப்படுவோமென எவரும் எதிர்பார்ப்பர். சொந்த ஊரில் அந்நியராவோமென எவர் எதிர்பார்ப்பர்? புதிய இயந்திரத்திற் பயின்று வந்த தாதிக்கு இங்கே அவ்வியந்திரம் இல்லை. புதிய முறை கற்று வந்த ஆசிரியர் வாய் திறந்தால், "வெளிநாட்டுக் கதை அளக்கிறார்" என்பர் உடனாசிரியர். சில மாதம் பொறுத்துப் பார்ப்பார். பின் ஒன்று, கற்றதை மறப்பார். அன்றேல், மீண்டுங் கடல் கடப்பார். அரசாங்கம் பிணைமுறி எழுதுவித்துச் சில ஆண்டு இருத்தி வைக்கலாம். அமெரிக்காவும் பரிமாற்ற விசாவிற் செல்வோருட் பலரை, இரண்டாண்டு தாய்நாட்டில் வாழ்ந்த பின்னன்றி அங்கே குடியேற விடுவதில்லை. பிணைமுறி உடலை நிறுத்துமேயன்றி, ஊக்கத்தை நிறுத்துமோ?

இதற்கு மருந்து நம் யாழ்ப்பாண வரலாற்றிலேயே உண்டு. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் இங்கு வந்து மானிப்பாயில் மருத்துவங் கற்பித்தார். அவர் சமயம் வேறு. நம் சமயம் வேறு. ஆயினும் அவர் செய்தது சிந்திக்கத்தக்கது. முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்திற் பயின்றோர் உத்தியோகம் நாடி வெளியூர் செல்ல, தமிழிற் பயின்றோர் கிராமத்திலே தங்கித் தொண்டு செய்வரென்பது அவர் கருத்து. அதற்காகத் தாமே தமிழ் கற்றார். தம் மாணவர் துணையோடு இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழிலாக்கினார். 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் அந்நூற்பணியைக் கைவிட்டாரல்லர். கொடுக்க வந்தவர் முதலில் மாணவரானார். பரிமாற்றமென்பது அதுவே.

ஆகவே இளைஞர்களே, நீவிர் செல்லுங்கால் வெறுங் கையோடு செல்லாதீர். நம் ஊர்ப் பாடசாலையும் வைத்தியசாலையும் குறைந்த பொருளைக் கொண்டு எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் கற்றுச் சென்று, அங்குள்ளார்க்கு எடுத்துரையுங்கள். அங்குக் காணும் இயந்திரத்தைவிட, அதனைப் பேணும் ஒழுங்கையும், தவறு நேர்ந்தால் அதனைக் குறித்து வைக்கும் வழக்கத்தையும், மேலாளரும் பணியாளரும் ஒரே மேசையிலிருந்து ஆலோசிக்கும் முறையையும் உற்று நோக்குங்கள். இவற்றை இங்கே கொணரக் கப்பற் கூலி வேண்டியதில்லை.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பமுண்டு. உங்களுட் பலர் அதிபர். பலர் கந்தோர்த் தலைவர். திரும்பி வருவோர் சொல்வதில் பத்தில் ஒன்றையாவது ஓராண்டு செய்து பார்க்க இடங்கொடுங்கள். ஓர் அறையையோ ஒரு வகுப்பையோ அவர் பொறுப்பில் விடுங்கள்.

நமது சங்கமும் ஒன்று செய்யலாம். வெளிநாட்டுப் பயிற்சி முடித்து வரும் ஒவ்வோர் அங்கத்தவரும், வந்த மூன்று மாதத்துள் இம்மண்டபத்திலே தமிழில் ஓர் உரை நிகழ்த்தட்டும். யான் கற்றது யாது, அங்குக் கற்பித்தது யாது, இங்குள்ள வசதியைக் கொண்டே நாளை தொடங்கத்தக்கது யாது என்னும் மூன்று வினாக்களுக்கு அவர் விடை கூறட்டும். மூன்றாவது வினாவுக்கு அவர் கூறும் விடையை நிறைவேற்ற நம்மில் நால்வர் முன்வந்தாற் போதும். கற்று வந்தவர் தனித்து நிற்கார்.