முப்பது வயதிலும் முகப்பருவா?

(மகளிர் பிரிவுக் கூட்டத்தில் தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பரு வயசுக் கோளாறு, கல்யாணமானால் தானாகப் போய்விடும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஆனால் குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதிலும் பரு வருகிறதே என்று என்னிடம் வரும் பெண்கள் அநேகம். 25 வயதுக்கு மேல் வரும் பரு ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பெரும்பாலும் தாடையிலும் மோவாயிலும் வரும். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் கூடும்.

இதற்குக் காரணம் அழுக்கு அல்ல. ஹார்மோன் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம் சுரக்கின்றன, துவாரங்கள் அடைபடுகின்றன, உள்ளே கிருமி பெருகி வீக்கம் உண்டாகிறது. எனவே பயத்தமாவு போட்டு அழுத்தித் தேய்த்தால் எரிச்சல்தான் மிச்சம். தலையில் தடவும் எண்ணெய் வழிந்தால் நெற்றியிலும் பரு வரலாம். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல், மோவாயில் முடியும் வளர்ந்தால், பிசிஓஎஸ் உள்ளதா என்று பரிசோதிப்பது அவசியம்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், மருந்துக்கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் பூசுகிறோம். இப்படி வாங்கும் பல க்ரீம்களில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறது. சில நாளில் பரு அமுங்கும், முகம் வெளுக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், வெயிலில் சிவந்து எரியும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் பரு முன்னைவிட அதிகமாகும். அதற்குப் பயந்தே மறுபடி பூசுவார்கள். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. வீட்டில் உள்ள ட்யூபை இன்றே எடுத்துப் படியுங்கள். நெடுநாள் பூசியிருந்தால் டாக்டரைப் பார்த்து அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

முறையான சிகிச்சை உண்டு. பென்சாயில் பெராக்சைடு ஜெல், இரவில் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு அடாபலீன் ஆகியவை அடிப்படை. முதலில் தோல் சற்று உலரும். பலன் தெரிய 8 முதல் 12 வாரமாகும், பொறுமை வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அடாபலீன் கூடாது. ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது; சிசுவைக் கடுமையாகப் பாதிக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாணம், சீமந்தம் என்று கூடும் இடத்தில், "முகத்தில் என்னடி இது?" என்று நாலு பேர் முன் கேட்காதீர்கள். அந்தக் கேள்விதான் பல பெண்களை மருந்துக்கடைக்கு அனுப்புகிறது.